தாழ்த்திய காருக்குச் சக்கரம்: 16, 17, 18-இல் எது, எந்த ஆஃப்செட்டில்?

காரைத் தாழ்த்தி முடித்ததும் பலரும் கேட்பது, "17 போடலாமா, 18 போடலாமா?" என்பதைத்தான். விட்டத்தை முதலில் முடிவு செய்து, அந்த விட்டத்தில் கண்ணுக்குப் பிடித்த சக்கரத்தை வாங்கி, மாட்டிய பிறகு ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் உடற்பகுதி) உரசுகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நான் இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்வேன். சக்கரம் உள்பக்கம் எத்தனை மில்லிமீட்டர், வெளிப்பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகரலாம் என்பது முதலில் தெரிய வேண்டும். அகலமும், சக்கரம் எவ்வளவு உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் என்பதைக் காட்டும் ஆஃப்செட்டும் அந்த அளவுகளிலிருந்து வரும். விட்டம் கடைசி. தாழ்த்திய பிறகு சஸ்பென்ஷனில் எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்பதுதான் அதை முடிவு செய்ய வேண்டும். படத்தில் எப்படித் தெரிகிறது என்பது அப்புறம்.

ஒப்பிடுவதற்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து 16 அங்குல விட்டமும் 6.5 ஜே (6.5 அங்குலம்) அகலமும் இ.டி. 45 (45 மி.மீ.) ஆஃப்செட்டும் கொண்ட சக்கரத்துடன், 205/55 ஆர்16 டயரில் (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், சக்கரம் 16 அங்குலம்) வந்த கார். முன்சக்கர இயக்கம். முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும், அதிர்வைத் தணிக்கும் டாம்பரும் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்தரம்). 35 மி.மீ. தாழ்த்தியிருக்கிறார்கள். நடுத்தர ஹேட்ச்பேக், செடான்களில் ஏராளமானவை இந்த அமைப்பில்தான் வருகின்றன.

ஆஃப்செட் என்பது சக்கரத்தின் அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பின் (காரில் சக்கரத்தைப் பொருத்தும் சுழலும் பகுதி) மீது உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம். அந்த முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கம் இருந்தால் எண் நேர்மறை. எண் கூடினால் சக்கரம் காருக்குள் போகும். குறைந்தால் வெளியே வரும். இதை மட்டும் தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவதால்தான் குழப்பம். அகலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஆஃப்செட்டுக்குப் பொருள் உண்டு. பாதி அகலத்துடன் ஆஃப்செட்டைக் கூட்டினால், ஹப் முகத்திலிருந்து சக்கரம் உள்ளே நீளும் தூரம் கிடைக்கும். பாதி அகலத்திலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வெளியே நீளும் தூரம். நம் காரின் பழைய சக்கரத்துக்கு உள்ளே 127.5 மி.மீ., வெளியே 37.5 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் விற்பனையாளரின் பேச்சை எளிதாக எடைபோட்டுவிடலாம்.

"அதே ஆஃப்செட்தான், அப்படியே பொருந்தும்" என்பது அடிக்கடி காதில் விழும் உறுதிமொழி. 17 அங்குலம், 7.5 ஜே, அதே இ.டி. 45 என்று வாங்கினால் உள்ளே 140.2, வெளியே 50.2. இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. பெருத்துவிட்டது. ஆஃப்செட் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. ஜே அகலம் டயர் உட்காரும் இடத்தில், இரண்டு விளிம்புகளின் உட்புறத்திலிருந்து அளக்கப்படுவது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விளிம்பின் தடிப்பையும் சேர்த்தால் முழு அகலம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதல்.

தாழ்த்தியதால் என்ன மாறியது?

காரைத் தாழ்த்தினால் சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி குறையும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் காரில் யாரும் உரசுவதில்லை. கவனிக்க வேண்டியது சக்கரம் முழுவதும் மேலே ஏறிய நிலை. தாழ்வான ஸ்பிரிங் மட்டும் மாற்றி, பழைய டாம்பரையும் பம்ப் ஸ்டாப்பையும் (அசைவின் முடிவில் தடுத்து நிறுத்தும் ரப்பர்) அப்படியே விட்டிருந்தால், சக்கரம் ஏறக்கூடிய உச்சி மாறுவதில்லை. அந்த உச்சியை அடிக்கடி தொடும், அவ்வளவுதான். முன்பு மாதத்துக்கு ஒருமுறை தொட்ட இடத்தை இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் தொடும். பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குறைத்திருந்தாலோ, உடல் குட்டையான காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய, ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த தொகுதி) மாட்டியிருந்தாலோ கதை வேறு. உச்சியே மேலே போய்விடும். தொழிற்சாலையில் வடிவமைத்தவர் டயர் வரும் என்று எதிர்பார்க்காத இடத்துக்கு டயர் வரும். எனவே "35 மி.மீ. தாழ்த்தினேன்" என்ற தகவல் போதாது. எதைக்கொண்டு தாழ்த்தினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

காயிலோவரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டு டயருக்கு மேலே இருந்திருக்கும். உயரத்தைச் சரிசெய்யும் தட்டைத் திருகிக் கீழே இறக்கும்போது, சில அமைப்புகளில் அது டயரின் பக்கவாட்டுக்கு நேராக வந்து நிற்கும். அப்போது உள்பக்க இடைவெளியை ஸ்ட்ரட் குழாயிலிருந்து அளந்து பயனில்லை. தட்டின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். உடல் குட்டையாகும் வகைக் காயிலோவரில், உயரத்தை ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்தைத் திருகி மாற்றலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் காரைத் தாழ்த்தும்போது சக்கரத்தின் தலை முதலில் சற்று உள்ளே சாயும்; கீழ்க்கை (சக்கரத்தின் அடிப்பக்கத்தைக் காரோடு இணைக்கும் கை) கிடைமட்டத்தைத் தாண்டி மேலேறத் தொடங்கியதும் அந்த ஆதாயம் கரையத் தொடங்கும். 632 மி.மீ. விட்டமுள்ள டயரில் ஒரு டிகிரி கேம்பர் என்பது டயரின் உச்சியை, அச்சுமையத்தோடு ஒப்பிட, சுமார் 5.5 மி.மீ. உள்ளே தள்ளும். ஃபெண்டர் விளிம்புக்கு இது நல்ல செய்தி. ஸ்ட்ரட்டுக்கு நல்லதா கெட்டதா என்பது கேம்பரை எங்கே மாற்றினோம் என்பதைப் பொறுத்தது. மேலே உள்ள கேம்பர் தட்டில் மாற்றினால் ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டு மாற்றினால் சக்கரம் மட்டும் ஸ்ட்ரட்டை நோக்கிச் சாயும். அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் சில மில்லிமீட்டர் போய்விடும். ஒரே கேம்பர் எண்ணை வைத்திருக்கும் இரண்டு கார்களில் ஒன்றில் பொருந்திய சக்கரம் மற்றதில் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பின்னால் டார்ஷன் பீமில் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. எவ்வளவு தாழ்த்தினாலும் கேம்பர் ஏறத்தாழ மாறாது. சக்கரம் நேராக மேலே வந்து ஃபெண்டர் விளிம்பைத் தேடும். ஆகவே இத்தகைய கார்களில் வெளிப்பக்க எல்லையைத் தீர்மானிப்பது பின்சக்கரம், உள்பக்க எல்லையைத் தீர்மானிப்பது முன்சக்கரம். ஒரே ஆஃப்செட்டை நான்குக்கும் வாங்குகிறவர் இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில்தான் தன் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் பல இணைப்புக் கைகள் கொண்ட சஸ்பென்ஷன் இருந்தால், சக்கரம் ஏறும்போது தலை உள்ளே சாய்வதால் வெளிப்பக்கம் கொஞ்சம் தாராளம் கிடைக்கும்.

மூன்று விட்டங்கள்

நம் காரில் அளந்து பார்த்ததாக வைத்துக்கொள்வோம்: பழைய டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் 18 மி.மீ., பின்னால் பழைய டயரின் வெளிப்பக்கத்துக்கும் ஃபெண்டர் விளிம்பின் உட்புறத்துக்கும் 20 மி.மீ. இனி ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம்.

16 அங்குலத்திலேயே இருப்பது யாருக்கும் பிடிக்காத தெரிவு. எனக்குப் பிடிக்கும். 16 அங்குலம், 7 ஜே, இ.டி. 40 என்று எடுத்தால் உள்ளே 1 மி.மீ. சொச்சமும் வெளியே 11 மி.மீ. சொச்சமும் கூடும். பழைய 205/55 டயரே இதில் ஒழுங்காக உட்காரும். பக்கச்சுவர் உயரம் 113 மி.மீ. அப்படியே நிற்கும். எடை குறைவான 16 அங்குலச் சக்கரம் ஒன்று கிடைத்தால், பள்ளம் மேடுகளில் கார் காட்டும் நிதானம் மற்ற இரண்டிலும் வராது. குறை தோற்றத்தில்தான்: தாழ்த்திய காரில் தடித்த டயர் சற்றுப் பழைய பாணியாகத் தெரியும். அதற்காகச் சிலர் 205/50 டயருக்குப் போகிறார்கள். மொத்த விட்டம் 632-இலிருந்து 611 மி.மீ. ஆகிவிடும். ஃபெண்டர் வளைவில் 10 மி.மீ. இடம் கிடைக்கும், ஆனால் காரின் அடிப்பாகமும் அதே 10 மி.மீ. தரையை நெருங்கும். ஏற்கெனவே தாழ்த்திய காருக்கு இது தேவையா என்று யோசிக்க வேண்டும். ஸ்பீடோமீட்டரும் முன்பு காட்டியதைவிட 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாகக் காட்டத் தொடங்கும்.

17 அங்குலத்துக்கு 7.5 ஜே அகலமும் 225/45 டயரும் இயல்பான இணை. மொத்த விட்டம் 634 மி.மீ.; பழையதோடு ஒப்பிட்டால் வேறுபாடு 2 மி.மீ. மட்டும். பக்கச்சுவர் 101 மி.மீ. கேள்வி ஆஃப்செட்டில்தான். சந்தையில் பெரும்பாலும் இ.டி. 35, 38, 40, 42, 45 என்று கிடைக்கும். டயரின் அகலத்தை வைத்தே கணக்குப் போடுவோம், ஏனென்றால் உரசப்போவது டயர்.

இ.டி. 45 என்றால் டயர் இரண்டு பக்கமும் 10 மி.மீ. பெருக்கும். ஸ்ட்ரட்டில் மிச்சம் 8, பின் ஃபெண்டரில் மிச்சம் 10. இரண்டுமே போதும். ஆனால் முன்னால் கேம்பர் போல்ட் போட்டிருந்தால் அந்த 8 கரைந்து, டயர் அழுத்தத்தில் பிதுங்கும்போது இடைவெளி கவலைக்கிடமாகிவிடும். இ.டி. 38-இல் ஸ்ட்ரட்டில் 15 மி.மீ. தாராளமாக இருக்கும், பின்னால் மிஞ்சுவது 3 மி.மீ. நாலு பேர் ஏறி உட்கார்ந்து ஒரு வளைவில் திரும்பினாலே ஃபெண்டர் விளிம்பு டயரைச் சீவும். அந்த விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் சில மில்லிமீட்டர் கிடைக்கும் என்பது உண்மை. பெயின்டைச் சூடாக்கி, பொறுமையாக உருட்டி மடிக்க வேண்டிய வேலை அது. விரிசல் விட்டால் துரு அங்கிருந்து தொடங்கும். ஏழு மில்லிமீட்டர் தோற்றத்துக்காக உடற்பகுதியை மடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் இ.டி. 42. ஸ்ட்ரட்டில் 11, ஃபெண்டரில் 7. இந்தக் காருக்கு என் முதல் தெரிவு இதுதான். அது கிடைக்காமல் 40-க்கும் 45-க்கும் நடுவில் தடுமாற நேர்ந்தால் 45-ஐ எடுங்கள். ஆஃப்செட் கூடிப்போன சக்கரத்தை மெல்லிய ஸ்பேசர் (ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் தட்டு) வைத்து வெளியே தள்ளலாம். குறைந்துபோன சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டுமானால் அது ஹப்பில் உட்காரும் முகத்தைக் கடைந்து எடுக்க வேண்டும். அந்த வேலை சக்கரத்தின் பலத்தைக் கேள்விக்குள்ளாக்கும். ஸ்பேசரும் முன்னால் மட்டும் தேவைப்படலாம், ஏனெனில் இடநெருக்கடி ஸ்ட்ரட் பக்கம்தான். 3 மி.மீ. ஸ்பேசர் என்றால் போல்ட்டும் 3 மி.மீ. கூடுதல் நீளமானதாக வேண்டும். ஹப்பின் நடுவில் துருத்தியிருக்கும் வளையம் ஸ்பேசரைத் தாண்டியும் சக்கரத்துக்குள் போதுமான அளவு நுழைகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

18 அங்குலத்தில் 8 ஜே, 225/40 டயர். விட்டம் 637 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் குறைவான உயர்வு. ஸ்பீடோமீட்டர் பிரச்சினை இல்லை. இ.டி. 45 என்றால் டயர் அளவில் மேலே சொன்ன 17 அங்குலக் கணக்கே இங்கும் பொருந்தும், டயர் அதே 225 என்பதால். ஆனால் 8 ஜே சக்கரத்தின் விளிம்பு டயரின் பக்கவாட்டுக்குச் சமமாக, சில டயர்களில் அதைத் தாண்டியும் நிற்கும். நடைபாதையின் ஓரத்தில் முதலில் சிராய்ப்பது உலோகம்தான். இ.டி. 35 எடுத்தால் பின்னால் மிச்சம் பூஜ்யம். கணக்குப் போட்டு முடித்த பிறகும் சிலர் இதைத்தான் வாங்குகிறார்கள், ஏனென்றால் படங்களில் அழகாகத் தெரிவது இதுதான்.

18-ஐ நான் தவிர்க்கச் சொல்வதற்கு இடநெருக்கடி முதல் காரணம் இல்லை. 35 மி.மீ. தாழ்த்தியபோது சஸ்பென்ஷனின் மேல்நோக்கிய அசைவில் அந்த அளவு போய்விட்டது, ஸ்பிரிங்கும் கடினமாகிவிட்டது. பள்ளத்தை வாங்கிக்கொள்ள மிஞ்சியிருக்கும் மெத்தை டயரின் பக்கச்சுவர்தான். அதையும் 113-இலிருந்து 90 மி.மீ. ஆக்கினால், அடி நேராகச் சக்கர விளிம்புக்குப் போகும். தொழிற்சாலை உயரத்தில் 18 அங்குலம் சுகமாக ஓடும் ஒரு கார், தாழ்த்திய பிறகு அதே சக்கரத்தை வளைத்துக்கொண்டு வருவது இதனால்தான். அதோடு சுமைக் குறியீட்டுச் சிக்கலும் சேரும். பழைய 205/55 ஆர்16 டயரின் குறியீடு பொதுவாக 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 225/45 ஆர்17-இலும் 91 கிடைக்கும். 225/40 ஆர்18-இன் சாதாரண வகை 88, அதாவது 560 கிலோ மட்டும். எனவே 92 குறியீடுள்ள, 630 கிலோ தாங்கும் வலுவூட்டிய வகையைத்தான் வாங்க வேண்டும். அந்த வகை தன் முழுச் சுமையைத் தாங்குவது கூடுதல் காற்றழுத்தத்தில். கூடுதல் காற்று என்றால் மெத்தை இன்னும் கடினம். ஒரு முடிவு எப்படி அடுத்தடுத்து மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பாருங்கள்.

ஆஃப்செட்டை மிகவும் குறைத்து, 18 அங்குலத்தில் 8.5 ஜே, இ.டி. 30 என்று எடுத்து, 215 டயரை இழுத்து மாட்டும் பாணி ஒன்றும் உண்டு. சக்கரம் வெளியே 40 மி.மீ. நகரும். ஃபெண்டரை விரிக்காமல் ஓட்ட முடியாது. சக்கரம் உடற்பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பல நாடுகளில் விதிகளுக்குப் புறம்பானது. ஸ்டியரிங்கிலும் விளைவு தெரியும். ஆஃப்செட்டை எத்தனை மில்லிமீட்டர் குறைக்கிறோமோ அத்தனை மில்லிமீட்டர், டயர் தரையில் பதியும் இடத்தின் மையம் ஸ்டியரிங் அச்சிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. 3 மி.மீ. என்றால் உணர மாட்டீர்கள். 15 மி.மீ. என்றால் சாலையின் தடம் ஸ்டியரிங்கை இழுக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், ஒரு பக்கம் ஈரமான சாலையில் பிரேக் பிடிக்கும்போதும் கைகளுக்கு வேலை கூடும். வீல் பேரிங்கின் மீது விழும் நெம்புவிசையும் கூடும். காட்சிக்கு நிறுத்தும் காருக்கு இது ஒரு ரசனை. தினமும் ஓட்டும் காருக்கு இதைத் தெரிவாகவே நான் எண்ணவில்லை.

பொருந்துகிறதா என்று அளப்பது

நான் மேலே வைத்துக்கொண்ட 18, 20 என்ற எண்கள் உங்கள் காரில் வேறாக இருக்கும். எனவே அளந்துதான் ஆக வேண்டும். ஸ்ட்ரட் பக்க இடைவெளியைக் கையை நுழைத்து அளப்பது கடினம். மாடலிங் களிமண்ணை ஓர் உருண்டையாக ஸ்ட்ரட்டில் ஒட்டி, சக்கரத்தை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், நசுங்கிய களிமண்ணின் தடிப்பே இடைவெளி. ஃபெண்டர் பக்கம் ஒரு நேரான சட்டத்தை விளிம்பில் செங்குத்தாக வைத்து, சக்கரம் வரை அளக்கலாம்.

உண்மையான சோதனை ஸ்பிரிங்கைக் கழற்றிச் செய்வது. டார்ஷன் பீம் கார்களில் பின் ஸ்பிரிங் பெரும்பாலும் டாம்பரிலிருந்து தனியாக இருப்பதால் இது எளிது. முன்னால் ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் கைவைக்கவே கூடாது. ஸ்பிரிங் இல்லாமல், பம்ப் ஸ்டாப்போடு பொருத்தி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே தூக்கிப் பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும்வரை ஏற்றுங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் வெளியே போகப்போக அது திரும்பும்போது வரையும் வட்டமும் பெரிதாகும்; பம்பரின் பின்மூலையிலோ பிளாஸ்டிக் உட்காப்பிலோ முதலில் தொடுவது அங்கேதான். பிரேக் ஹோஸையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். டயர் அகலமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்: 225 என்று எழுதிய இரண்டு டயர்களின் தோள்கள் ஒரே மாதிரி இருக்காது. சோதிப்பது, வாங்கப்போகும் அதே மாடல் டயராக இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக. போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.-இல்) துல்லியமாகப் பொருந்த வேண்டும், 112-ஐயும் 114.3-ஐயும் "கிட்டத்தட்ட ஒன்றுதான்" என்று சொல்பவரிடமிருந்து விலகி வந்துவிடுங்கள். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் மைய வளையம் போட வேண்டும். போல்ட் உட்காரும் குழி கூம்பா, கோளமா என்பதைப் பார்த்து அதற்கேற்ற போல்ட்டையோ நட்டையோ வாங்க வேண்டும். பெரிய விட்டம் என்பதாலேயே பிரேக் காலிப்பருக்கு இடம் கிடைத்துவிடும் என்று நம்பக் கூடாது. ஆரக்கால்களின் உட்புற வளைவு காலிப்பரின் முகத்தில் இடிக்கும் சக்கரங்கள் உண்டு, அதை ஆஃப்செட் எண் சொல்லாது.

வேலையின் வரிசையில் உயரம் முதலில் முடிவாக வேண்டும். புது ஸ்பிரிங் மாட்டிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்கி அமரும். அதன் பிறகு அலைன்மென்ட் செய்து கேம்பரை நிறுத்தி, அப்புறம் அளந்து, அப்புறம் சக்கரத்துக்கு ஆர்டர் கொடுக்கலாம். அந்த அலைன்மென்ட்டுக்கு முன் இன்னும் 15 மி.மீ. இறக்கலாம் என்ற ஆசை வந்தால், 17-ஐ மறந்துவிட்டு 16-க்குத் திரும்புவேன், 50 மி.மீ. தாழ்த்திய காரில் அந்த 113 மி.மீ. பக்கச்சுவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.